கசின் என்றால் யார்? கேள்வி பதில்

இருபது வருடமாக ஆங்கில ஆவணங்களையும் சின்னத்திரை வசனங்களையும் தமிழாக்கிப் பிழைப்பவன் நான். உறவுச் சொற்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்ததில் முக்கால்வாசி 'கசின்'. சரி, அதையே பேசித் தீர்ப்போம்.

கே (தஞ்சாவூர்): 'கசின்' என்பதற்குச் சரியான ஒரே தமிழ்ச் சொல் எது?

இல்லை. இருக்கவும் முடியாது. சித்தப்பா பையனும் மாமா பையனும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடக்கம். நமக்கு முன்னவன் பங்காளி, பின்னவன் மச்சான். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் எல்லாம் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. மாமா, அத்தை பிள்ளைகள் முறைக்காரர்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்கு ஊருக்கு ஊர் பேர் வேறு: மச்சான், அத்தான், மதினி, கொழுந்தி. யாழ்ப்பாணத்தில் மச்சாள். பிராமண வீடுகளில் மாமா பிள்ளைகள் அம்மாஞ்சி, அம்மங்கா. அத்தை பிள்ளைகள் அத்தான், அத்தங்கா.

ஒருமுறை ஒரு தொடரின் முதல் பகுதியில் கதாநாயகி ஒருவனைக் கைகாட்டி 'மை கசின்' என்றாள். நான் 'என் அண்ணன்' என்று போட்டுவிட்டேன். ஏழாம் பகுதியில் இருவரும் முத்தமிட்டுக்கொண்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து, முந்தைய ஆறு பகுதியிலும் 'அண்ணன்' வந்த இடமெல்லாம் தேடித் தேடி 'மாமா பையன்' ஆக்கினேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: முறை தெரியாமல் கசினைத் தொடாதே.

கே (சேலம்): கசின் ஆணா பெண்ணா?

இரண்டும்.

கே (கோவை): 'கசின் பிரதர்' என்று சொன்னால் மேலாளர் சிரிக்கிறார். தவறா?

லண்டனில் விநோதமாகப் படும். கோவையில் எல்லோருக்கும் புரியும். ஆணா பெண்ணா என்பதோடு, 'இவன் எனக்கு அண்ணன் முறை' என்பதையும் சொல்லத் தவிக்கும் இந்தியச் சொல் அது. ஆனால் மாமா பையனையும் 'கசின் பிரதர்' என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் உங்களுக்கு எப்படி ஐயா பிரதர்?

கே (மதுரை): 'ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்' என்றால் நம் 'ஒன்றுவிட்ட அண்ணன்'தானே?

இல்லவே இல்லை. இந்த ஒரு குழப்பத்துக்காகவே இந்தக் கேள்வி பதிலுக்கு ஒப்புக்கொண்டேன். இருவருக்கும் தாத்தா பாட்டி பொது என்றால் ஃபர்ஸ்ட் கசின். கொள்ளுத்தாத்தா பொது என்றால் செகண்ட் கசின். 'ரிமூவ்ட்' என்பது தலைமுறை இடைவெளி. அப்பாவின் சித்தப்பா மகன் உங்களுக்கு ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட். தமிழில் அவர் பெரியப்பா அல்லது சித்தப்பா. நம் 'ஒன்றுவிட்ட அண்ணன்' உங்கள் தலைமுறைதான். உடன்பிறப்பிலிருந்து ஒரு படி தள்ளி. ஆகவே அவர் வெறும் ஃபர்ஸ்ட் கசின். இரண்டுவிட்ட அண்ணன் செகண்ட் கசின். 'ஒன்று' என்று இரண்டு பக்கமும் வருவது தற்செயல், அதை நம்பி மோசம் போகாதீர்கள்.

கே (திருநெல்வேலி): வெள்ளைக்காரனுக்கு ஆதியிலிருந்தே முறை தெரியாதா?

அந்தச் சொல்லின் பாட்டன் வீட்டில் தெரிந்திருந்தது. லத்தீனில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளை பாத்ருவேலிஸ். அத்தை பிள்ளை அமிட்டினுஸ். அம்மாவின் சகோதரி பிள்ளை கொன்சோப்ரினுஸ். கடைசிச் சொல் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து கசின் ஆனது. ஆக, பிறப்பால் கசின் என்பது பெரியம்மா, சித்தி பிள்ளை மட்டும்தான்!

கே (சென்னை): பெரியம்மா மகள் அக்கா என்கிறீர்கள். ஐன்ஸ்டைன் கசினைத்தானே கட்டினார்?

ஆமாம், 1919-ல், எல்சாவை. எல்சாவின் அம்மாவும் ஐன்ஸ்டைனின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். எல்சா மூன்று வயது மூத்தவர். நம் கணக்கில் பெரியம்மா மகள், அக்கா. போதாததற்கு எல்சா பிறந்த வீட்டுப் பெயரும் ஐன்ஸ்டைன். இருவரின் அப்பாக்களும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. அப்பா வழியில் பார்த்தாலும் அக்காதான்.

கே (திருச்சி): ஒரு மேதையை இப்படிக் கேவலப்படுத்தலாமா?

அவர் ஊரில் அது குற்றமும் இல்லை, கேவலமும் இல்லை. நான் சொல் கணக்கு பார்க்கிறேன், ஒழுக்கக் கணக்கு இல்லை.

கே (அதே திருச்சி): அப்படியானால் டார்வின்?

அவர் தப்பித்தார். 1839-ல் கட்டிய எம்மா, டார்வினின் அம்மா சுசன்னாவின் தம்பி மகள். சுத்தமான மாமன் மகள், நம் ஊரில் பந்தல் போட்டுப் பண்ணுவார்கள். விக்டோரியா ராணி 1840-ல் கட்டிய ஆல்பர்ட்டும் அப்படித்தான்: ராணியின் அம்மா, ஆல்பர்ட்டின் அப்பாவோடு கூடப்பிறந்தவர். மாமன் மகன்.

கே (புதுச்சேரி): முதல் உலகப்போர் கசின்களின் சண்டை என்று படித்தேன்.

அடடா, இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ், ஜெர்மனியின் கைசர் வில்லியம், ரஷ்யாவின் ஜார் நிக்கோலாஸ். ஆங்கிலப் புத்தகத்தில் ஜார்ஜுக்கு இரண்டு பேருமே ஃபர்ஸ்ட் கசின், முடிந்தது கதை. தமிழில் பாருங்கள். ஜார்ஜின் அம்மா அலெக்சாண்ட்ராவும் நிக்கோலாஸின் அம்மா டாக்மாரும் டென்மார்க் அரசகுமாரிகள், அக்கா தங்கை. அப்போது நிக்கோலாஸ், சித்தி மகன், தம்பி. இருவரும் பக்கத்தில் நிற்கும் புகைப்படத்தில் எவர் எவர் என்று எனக்கே தடுமாறும். வில்லியமின் அம்மாவோ ஜார்ஜின் அப்பாவுக்கு அக்கா. ஆக அவர் அத்தை மகன், அத்தான். 1914-ல் தம்பியைச் சேர்த்துக்கொண்டு அத்தானோடு மோதியிருக்கிறார் ஜார்ஜ். 1917-ல் அதே தம்பி பதவி இழந்தபோது, அடைக்கலம் தருவதாகச் சொன்ன பிரிட்டன் பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலில் ஜார்ஜுக்குப் பங்கு உண்டு. 'கசினைக் கைவிட்டார்' என்று எழுதினால் நமக்கு ஒன்றும் உறைக்காது. 'தம்பியைக் கைவிட்டார்' என்று எழுதிப் பாருங்கள்.

கே (வேலூர்): மாமன் மகளைக் கட்டினால் குழந்தைக்குப் பாதிப்பு வருமா?

மரபணு ஆலோசகரைப் பாருங்கள். நான் சொல்லுக்கு மட்டும் மருத்துவன்.

கே (டொரொண்டோ): விசா விண்ணப்பத்தில் பெரியப்பா மகனை 'பிரதர்' என்று போடலாமா?

கூடவே கூடாது. அங்கே பிரதர் என்றால் உடன்பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வேறாக இருந்தால் பொய் சொன்னதாகிவிடும். கசின் என்று போட்டு, இடம் இருந்தால் 'தந்தையின் அண்ணன் மகன்' என்று ஆங்கிலத்தில் விரித்து எழுதுங்கள்.

கே (ஈரோடு): ஒன்ஸ் ரிமூவ்ட் = ஒன்றுவிட்ட. சரிதானே?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே (கரூர்): கசினுக்கு ஒரே தமிழ்ச் சொல்...

தஞ்சாவூர்.

கே (நாகர்கோவில்): என் கசின் ஒருத்திக்குப் போன மாதம் கல்யாணம் ஆனது. அவள் கணவரை நான் என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும்?

சித்தப்பா மகள் என்றால் அவர் உங்களுக்கு மச்சான் முறை. மாமா மகள் என்றால் அண்ணன் தம்பி முறை. எந்தக் கசின், அதைச் சொல்லுங்கள் முதலில்.