தேனீ ஆராய்ச்சி சோறு போடுமா?

அன்புள்ள அம்மா,

மகள் நீட் வேண்டாம், பூச்சி ஆராய்ச்சிதான் படிப்பேன் என்று நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலும் தேனீ, எறும்புகளின் இனப்பெருக்கம். சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் வேறு. 'பூச்சியியல்' என்று சொல்லுங்கள், போதும்.

முதலில் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது, மகரந்தமும் சேர்க்காது. உச்சந்தலையில் ஒன்றையொன்று தொடும் அளவுக்குப் பெரிய கண்கள் மட்டும் உண்டு, பறக்கும் இராணியைக் கண்டுபிடிக்க. கூட்டமாகத் துரத்தினாலும் எட்டிப்பிடிப்பவை சிலதான். சேர்ந்ததும் உறுப்பு பிய்ந்து செத்து விழும். இராணியோ பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுடன் சேர்ந்து, விந்தணுக்களை வயிற்றிலுள்ள சிறு பையில் வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆண். ஆண் தேனீக்கு அப்பா இல்லை, தாத்தா உண்டு. (இதை மகள் இந்நேரம் வீட்டில் சொல்லியிருப்பாள்.)

இதனால் என்ன பிரயோஜனம் என்கிறீர்களா? 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்தது. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்த்த பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். நோய் தாங்கும் இராணியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வானத்தில் அது எந்த ஆணுடன் சேரும் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் நுண்ணோக்கியில் பார்த்தபடி இராணிக்குச் செயற்கையாக விந்து செலுத்தும் முறையே வந்தது.

சரி, படிப்புக்கு வருவோம். ஆராய்ச்சிதான் என்றால் ஐசர் (IISER) எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். ஐந்து வருட பி.எஸ்-எம்.எஸ். நீட் வேண்டாம், ஆனால் அதன் நுழைவுத் தேர்வில் கணக்கும் உண்டு. பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அப்புறம் பிஎச்.டி., அது ஐந்தாறு வருடம். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். நிரந்தர வேலைக்கு முப்பது வயது தாண்டலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) ராகவேந்திர கடக்கர் என்ற விஞ்ஞானி ஒரே குளவி இனத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்: தானே முட்டையிட முடிந்தும் பெண் குளவிகள் ஏன் இராணிக்கு உழைக்கின்றன? அந்தப் பொறுமை மகளுக்கு உண்டா என்பதுதான் பெரிய கேள்வி.

சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்றால் வேளாண் பல்கலைக்கழகம். பிளஸ் டூ மதிப்பெண்ணில் கவுன்சலிங், நான்கு வருட பி.எஸ்சி. விவசாயம், பிறகு பூச்சியியலில் எம்.எஸ்சி. நடுவில் மனம் மாறினாலும் வங்கி வேளாண் அதிகாரி, டிஎன்பிஎஸ்சி என்று கதவுகள் உண்டு. உங்கள் வீட்டு நிலவரத்துக்கு என் ஓட்டு இதற்கே.

பணம் கட்டுமுன், கோவை வேளாண் பல்கலையின் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு ஒருமுறை அனுப்புங்கள். கொட்டு வாங்கி வந்த பிறகும் மகள் இதே பேச்சுதான் பேசினால், தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள்.