போல்யூவும் ஹூடோனும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மாண்ட்ரியலில் வசிக்கிறேன். என் மருமகள் கியூபெக்கின் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண். குடும்பப் பெயர் போல்யூ. ஓய்வு பெற்ற என் சம்பந்தி இப்போது வம்சாவளி தேடுகிறார். 1860களுக்கு முன்னால் போல்யூ என்று யாருமே அகப்படவில்லை. அதே ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் ஹூடோன் என்ற குடும்பம் இருக்கிறது. அதுதான் நாங்கள் என்கிறார். பேத்திக்கு வேறு யாருடைய வம்சத்தையோ எழுதிவைத்துவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பாட்டிகள் எல்லாரும் இறப்புப் பதிவில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருக்கிறார்களே, ஏன்?

– ர.

அன்புள்ள ர.,

சம்பந்தி சரியான தடத்தில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் ஊகத்தோடு நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். உறுதிசெய்ய வழி இருக்கிறது.

பிரெஞ்சுக் கனடாவில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெயர் இருப்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை வெகு சாதாரணம். பதிவேட்டில் ‘ஹூடோன் டி போல்யூ’ என்று இருக்கும். போல்யூ என்று அழைக்கப்படும் ஹூடோன் என்று பொருள். இந்த வழக்கத்தில் படைக்குப் பெரும் பங்கு உண்டு. 1665இல் பிரான்ஸிலிருந்து வந்த கரின்யான்-சாலியேர் படைப்பிரிவில் ஏறத்தாழ 1,200 பேர். சுமார் 400 பேர் ஊர் திரும்பாமல் அங்கேயே குடியேறினார்கள். சிப்பாய்களுக்குப் படையில் தனிப்பெயர் உண்டு. பூவைச் சொல்லும் லாஃப்ளர், வருத்தம் அறியாதவன் என்னும் சான்ரெக்ரே இப்படி வந்தவைதான். வேறு சிலருக்கு நிலத்தின் பெயரோ சொந்த ஊரின் பெயரோ ஒட்டிக்கொண்டது. ஒரே தகப்பனின் பிள்ளைகளில் ஒருவன் ஒரு பெயரையும் இன்னொருவன் மற்றதையும் வைத்துக்கொள்வதுண்டு. காலப்போக்கில் இரண்டில் ஒன்று உதிர்ந்துவிட்டது.

உங்கள் தெருமுனையிலேயே சாட்சி இருக்கும். பச்சைப் பலகை மாட்டிய தெஜார்தான் கூட்டுறவு வங்கியை 1900இல் லெவி நகரில் தொடங்கியவர் அல்ஃபோன்ஸ் தெஜார்தான். 1854இல் அவர் பிறந்தபோது தந்தையின் பெயர் ‘ருவா டி தெஜார்தான்’, தாயின் பெயர் ‘மிவில் டி தெஷேன்’. தெஜார்தான் என்று மட்டும் தேடுகிறவர் அவருடைய பாட்டனாரைத் தவறவிடக்கூடும்.

ஹூடோன் டி போல்யூ நன்கு அறியப்பட்ட வம்சம். பியேர் ஹூடோன் 1676இல் மாரி கோபெய்யை மணந்து, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் ரிவியேர்-உவெல் என்ற ஊரில் குடியேறினார். ஆனால் போல்யூ என்ற பெயரை வேறு பல குடும்பங்களும் சூடிக்கொண்டன. அங்கேதான் உங்கள் தயக்கத்துக்கு நியாயம் இருக்கிறது.

ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டாம். திருமணப் பதிவைப் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்று ஓலை, அதாவது தேவாலயத்தில் மூன்று முறை திருமண அறிவிப்பு, வாசித்தாயிற்று என்று பங்குத்தந்தை எழுதத் தொடங்குவார். மணமகன் யாருடைய மகன், எந்தப் பங்கு, அதாவது எந்தத் தேவாலய வட்டாரம். மணமகள் யாருடைய மகள், எந்தப் பங்கு என்று இரு பக்கப் பெற்றோரையும், தாய்மாரின் பிறந்த வீட்டுப் பெயரோடு குறிப்பார். அந்தப் பெற்றோரின் திருமணத்தை அடுத்துத் தேட வேண்டும். இப்படிப் படிப்படியாக ஏறினால், நடுவில் எங்காவது ஒரு பாதிரியார் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவைத்திருப்பார். நிலப் பத்திரங்களிலும் அப்படி அகப்படும்.

இன்னொரு நல்ல சாட்சியும் உண்டு. சின்ன ஊர்களில் உறவுக்குள் மணம் நடந்தால் திருச்சபையின் சிறப்பு அனுமதி வேண்டும். ‘மூன்றாம் படி இரத்த உறவு’ என்று எழுதியிருந்தால், மணமக்கள் இருவருக்கும் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பொது. போல்யூ மாப்பிள்ளைக்கும் ஹூடோன் பெண்ணுக்கும் அப்படி ஓர் அனுமதி இருந்து, இரு பக்கமும் ஏறிப்போனால் ஒரே தம்பதியிடம் போய் முட்டினால், அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

இப்போது பாட்டிகள். கணவரோடு பிணக்கு என்று எண்ண வேண்டாம். ஊரார் கணவர் பெயரால் அழைத்தாலும், தேவாலயமும் பத்திரம் எழுதுகிறவரும் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரில்தான் எழுதினார்கள். 1981 முதல் கியூபெக்கில் சட்டமே அதுதான். உங்கள் மருமகள் இன்னமும் போல்யூவாக இருப்பதும் அதனால்தான். தேடுகிறவருக்கு இது பெரிய வரம். கணவர் ஓர் இடத்தில் ஹூடோன், வேறோர் இடத்தில் போல்யூ என்று இருந்தாலும், பக்கத்தில் மனைவியின் பெயர் பெரும்பாலும் மாறாமல் நின்று அவர் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும்.

பதிவேடுகளுக்குப் பஞ்சமில்லை. 1679 முதல் இரண்டு பிரதிகள் எழுதும் வழக்கம் இருந்ததால், தேவாலயம் எரிந்தாலும் நீதிமன்றப் பிரதி தப்பிய இடங்கள் உண்டு. வம்சாவளி தேடித்தரும் துருவான் நிறுவனம் 1940களில் அவற்றைப் படச்சுருளில் ஏற்றியது. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத் திட்டம் பழைய பதிவுகளைக் குடும்பம் குடும்பமாகத் தொகுத்திருக்கிறது. முதலில் அங்கே பார்க்கட்டும்.

சம்பந்தியிடம் என் சார்பில் ஒரு வேண்டுகோள் வையுங்கள். தகப்பன் வழியோடு நிறுத்தாமல், பேத்திக்காகத் தாய், தாயின் தாய் என்று அந்த வழியையும் எழுதச் சொல்லுங்கள். 1663 முதல் 1673 வரை, பிரெஞ்சு மன்னரின் செலவில் கப்பலேறி வந்து கியூபெக்கில் மணமுடித்த பெண்கள் ஏறத்தாழ 800 பேர். ‘மன்னரின் மகள்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். பழைய கியூபெக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் அவர்களில் ஒருத்தியாவது இருக்கிறாள். அகப்பட்டால் அவள் பெயரையும் வந்த ஆண்டையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.