பதில் போய் விழும் இடம்

அன்புள்ள ஐயா,

அப்பா ஆரம்பித்த தொழிலை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகங்களுக்கு மேசை, நாற்காலி செய்து கொடுக்கிறோம். வாடிக்கையாளர்களுக்குத் தானாக மடல் அனுப்பும் மார்க்கெட்டிங் ஆட்டோமேஷன் மென்பொருள் ஒன்று வாங்கலாம் என்று ஹப்ஸ்பாட், மெயில்சிம்ப், மார்க்கெட்டோ மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்துக்கு எது சரியாக வரும்? விற்பனை முகவர் ஒருவர், தன் இன்னொரு வாடிக்கையாளரின் மடல்களை 42 சதவீதம் பேர் திறக்கிறார்கள் என்று டேஷ்போர்டில் காட்டினார். தொடக்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கித் தருவதாகவும் சொல்கிறார்.

எங்களிடம் 18 ஆண்டுகளாக வாடிக்கையாளர்களோடு பேசும் அக்கா ஒருவர் இருக்கிறார். எல்லாவற்றையும் நோட்டில்தான் எழுதி வைப்பார். இது வந்துவிட்டால் அவர் வேலை தேவைப்படாது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு இதில் மனமில்லை. மாறாத தொழில் அழிந்துபோகும் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ச.

அன்புள்ள ச.,

மூன்று வாரங்களுக்கு முன்பு பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ‘பதில்கள் 61’ என்று ஒரு கோப்பு கிடைத்தது. அன்றிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் நான்கு வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன்.

முதலில் அந்த நான்கு வரி. மார்க்கெட்டோ, தனியாக ஒரு மார்க்கெட்டிங் குழு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கானது, உங்களுக்கு வேண்டாம். மடல் அனுப்புவதுதான் முக்கிய வேலை என்றால் மெயில்சிம்ப் போதும். யாரிடம் என்ன பேசினோம், எந்த ஆர்டர் எந்த நிலையில் நிற்கிறது என்பதும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் ஹப்ஸ்பாட். இதற்கு மேல் ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். இந்தத் துறையின் கருவிகளை ஆண்டுதோறும் பட்டியலிடும் ஸ்காட் பிரிங்கர் 2011-ல் ஏறத்தாழ 150 என்று எண்ணினார். 2024-ல் எண்ணிக்கை 14,106. ஒப்பிட உட்கார்ந்தால் அதுவே தொழிலாகிவிடும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் விவரம் முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். இந்த நிறுவனங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். இதே வகை மென்பொருளான எலோக்வாவை 2012-ல் ஆரக்கிள் வாங்குவதாக அறிவித்தது. மார்க்கெட்டோவை 2018-ல் அடோபி 475 கோடி டாலருக்கு வாங்கியது. மெயில்சிம்ப் 2021-ல் இன்டூயிட்டுக்குப் போனது. முதலாளி மாறினால் விலையும் விதியும் மாறலாம். அப்போது உங்கள் கையில் மிஞ்சுவது அந்த விவரம்தான்.

அந்த 42 சதவீதத்தை விட்டுவிடுங்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து, அந்தப் படம் தரவிறங்கினால் மடல் திறக்கப்பட்டது என்று கணக்கு வைக்கிறார்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, அவர்கள் மடலைப் பார்க்கும் முன்பே அந்தப் படம் தானாக இறங்கிவிடுகிறது. அவர் காட்டிய எண்ணில் எத்தனை மனிதர்கள் என்று அவருக்கே தெரியாது.

பட்டியல் வாங்குவதைப் பற்றி எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் பெயரையே கேள்விப்படாத ஆயிரம் பேர் வீட்டுக்குள் நுழைந்து நாற்காலி வேண்டுமா என்று கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் கூச்சம் விட்டுப்போகிறது. கூச்சத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளைக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு கூகுள் விதி வகுத்திருக்கிறது: வேண்டாத மடல் என்ற ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரத்தில் மூன்று பேர். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் இருக்க வேண்டும். யாஹூவும் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. நீங்கள் அவ்வளவு அனுப்பப் போவதில்லை என்று சொல்வீர்கள். ஆனால் புகார் குவிந்தால் சிறியவர்களின் பெயரும் கெடும். கெட்ட பிறகு நீங்கள் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் இன்வாய்ஸ்கூட ஸ்பேமில் போய் விழலாம். உங்கள் அப்பா இத்தனை ஆண்டுகள் காப்பாற்றிய பெயரை, யாரோ விற்கும் பட்டியலுக்காகக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, அந்தக் கோப்புக்கு வருகிறேன்.

2014-ல் நாங்கள் சிலர் சேர்ந்து தையல் இயந்திர உதிரிபாகங்கள் விற்றுக்கொண்டிருந்தோம். ஊசி, கீழ்நூல் சுற்றும் பாபின், அதைப் பிடித்து வைக்கும் பாபின் கேஸ், பெல்ட், மோட்டார். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து, ஆறு மெஷின் போட்டுத் தொழில் செய்கிறவர்கள். மெஷின் நின்றால் அன்றைய வருமானம் நின்றுவிடும். ஆட்டோமேஷன் மென்பொருள் வாங்கினோம். தொடர் மடல்களை எழுதும் வேலை எனக்கு வந்தது. மிகுந்த ஆசையோடு எழுதினேன். பொருள் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் முதல் மடல் போகும். வாங்கியவர் பெயரைச் சொல்லி, “மெஷின் எப்படி ஓடுகிறது? ஏதாவது சிரமம் இருக்கிறதா?” என்று கேட்கும். கீழே என் பெயர் இருக்கும். அடுத்த வாரம் ஒரு மடல், அதற்கடுத்து சலுகையோடு ஒன்று.

கூடவே லீட் ஸ்கோரிங்கும் போட்டோம், அதாவது யார் வாங்குவார் என்று கணிக்க ஒவ்வொருவருக்கும் புள்ளி போடுவது. மடலைத் திறந்தால் 1 புள்ளி, இணைப்பைச் சொடுக்கினால் 5, விலைப் பக்கத்துக்குப் போனால் 10. புள்ளி 50-ஐத் தாண்டினால் அவர் வாங்கத் தயாராக இருக்கிறார் என்று பொருள். அவருக்குச் சலுகை மடல்கள் கூடுதலாகப் போகும்.

ஏழெட்டு மாதம் கழித்து விற்பனை இறங்கியது. ஏன் என்று புரியவில்லை. வாராவாரம் உட்கார்ந்து பேசினோம். மடலின் தலைப்பை மாற்றினோம். இரண்டு தலைப்பு வைத்துச் சோதித்து, வென்ற தலைப்பையே வைத்துக்கொண்டோம். அனுப்பும் நேரத்தைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றினோம். விற்பனை மேலும் இறங்கியது.

ஒரு நாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் வந்து, “ஒரு மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இடம் இல்லை என்று எச்சரிக்கை வருகிறது. யாரும் பயன்படுத்தவில்லை போலிருக்கிறது, அழித்துவிடட்டுமா?” என்று கேட்டான். எந்தப் பெட்டி என்று பார்த்தேன். எங்கள் தொடர் மடல்களுக்கு வரும் பதில்கள் எல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. மென்பொருளை நிறுவியபோது ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்தார். இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அப்புறம் யாரும் அதைத் திறக்கவே இல்லை.

உள்ளே பெரும்பாலும் குப்பை. ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதில்கள், முகவரி தவறு என்று திரும்பி வந்தவை. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால் மனிதர்கள் எழுதியவை 61. இரவு அலுவலகத்திலேயே உட்கார்ந்து 61-ஐயும் படித்தேன்.

ஆறு மெஷின் வைத்திருந்த ஒரு அம்மா நான்கு முறை எழுதியிருந்தார். முதல் கடிதம் நீளமானது. “என் பேரைச் சொல்லி மெஷின் எப்படி ஓடுதுன்னு விசாரிச்சிருக்கீங்க. இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல. கேட்டதால சொல்றேன். இந்தத் தடவை வந்த பாபின் கேஸ் ரெண்டு வாரத்துல தேஞ்சு போச்சு. திருகை எவ்வளவு இறுக்கினாலும் கீழ்நூல் பிடிச்சு நிக்கல, மேல ஏறி வருது. மெஷின்ல கோளாறான்னு பழைய கேஸை மாட்டிப் பார்த்தேன். அதுல சரியா தைக்குது.” அதற்குப் பிறகு எந்தெந்த மெஷினில் போட்டுப் பார்த்தார், எத்தனை நாள் ஓடியது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். காசு கொடுத்து ஆள் வைத்தாலும் இவ்வளவு சுத்தமாகச் சோதித்துச் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் கடிதம் பாதி நீளம். மூன்றாவது மூன்று வரி. நான்காவதில் ஒரே வரி: “இதை யாராவது படிக்கிறீங்களா?”

61 கடிதங்களில் 23 அந்த பாபின் கேஸைப் பற்றியவை. மென்பொருள் வாங்கிய அதே சமயத்தில்தான், கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று பாபின் கேஸ் சப்ளையரையும் மாற்றியிருந்தோம். நூலை அழுத்திப் பிடிக்கும் தகடு மெலிந்து வந்திருக்கிறது. எங்கள் விற்பனை ஏன் இறங்கியது என்பது, இறங்குவதற்கு நான்கு மாதம் முன்பே அந்தப் பெட்டியில் வந்து கிடந்தது.

அந்த அம்மாவின் ஸ்கோர் என்ன என்று அன்றிரவே பார்த்தேன். 74. தொலைபேசி எண் எங்கேயாவது இருக்குமா என்று தேடி எங்கள் மடலை மீண்டும் மீண்டும் திறந்திருக்கிறார், பக்கம் பக்கமாகச் சொடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு சொடுக்குக்கும் புள்ளி ஏறியிருக்கிறது. அவர் தவிப்பை ஆர்வம் என்று எழுதிக்கொண்டு, அதே பாபின் கேஸை இன்னும் மலிவாகத் தருவதாக அவருக்கு மடல் மேல் மடல் அனுப்பியிருக்கிறோம்.

காலையில் அவருக்குப் போன் செய்தேன். கோபப்படவில்லை. வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம், “அந்த முதல் லெட்டரை எழுதினது யாருங்க?” என்று கேட்டார். நான்தான் எழுதினேன் என்றேன். “நல்லா எழுதியிருந்தீங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் வாங்கவே இல்லை.

ச., ஆட்டோமேஷனை நான் குறை சொல்லவில்லை. அந்த மடல் தானாகப் போகாமல் இருந்திருந்தால் அவ்வளவு பேரிடம் ‘எப்படி ஓடுகிறது’ என்று நாங்கள் கேட்டே இருக்க மாட்டோம், அந்த 61 கடிதங்களை யாரும் எழுதியிருக்கவும் மாட்டார்கள். கேள்வியை இயந்திரம் கேட்கட்டும். ஆனால் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வது கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை. பதில் அனுப்ப முடியாதபடி நோ-ரிப்ளை என்று முகவரி வைத்துக்கொண்டு, ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று மடலில் எழுதுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நான்காவது கடிதம் நினைவுக்கு வரும்.

1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க், தங்கள் புதிய கணினிகளைப் பற்றி இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் தலைப்பகுதியில் அடங்காமல் மடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. முதல் ஸ்பேம் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். பெற்றவர்கள் கொதித்தார்கள், வலையமைப்பை நடத்தியவர்கள் கண்டித்தார்கள். ஆனால் ஒன்று, அந்தக் கோபம் அனுப்பியவரிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு இந்தத் துறை வளர்ந்ததெல்லாம் அனுப்பும் பக்கத்தில்தான். பதில் வரும் பக்கம் அப்படியே கிடக்கிறது.

இப்போது உங்கள் அக்காவைப் பற்றி. அவர் வேலை தேவைப்படாது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நோட்டை ஒரு முறையாவது புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எந்த அலுவலகத்தில் நாற்காலியின் சக்கரம் அடிக்கடி உடைகிறது, யார் மேசை உயரம் குறைவு என்று மூன்று முறை சொல்லிவிட்டு நான்காம் முறை ஆர்டர் கொடுக்காமல் போனார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் சிஆர்எம் என்று நீங்கள் பணம் கொடுத்து வாங்கப்போவது வெறும் கட்டம் போட்ட தாள். நிரப்ப வேண்டிய விவரம் அவரிடம் இருக்கிறது. அவரை அனுப்பிவிட்டு அந்தக் கட்டங்களில் எதை நிரப்புவீர்கள்? 18 ஆண்டு கூட இருந்தவரைப் பற்றி இவ்வளவு எளிதாக எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பதில்கள் வரும் பெட்டியில் அவரை உட்கார வையுங்கள். மடல் அனுப்பும் வேலையை மென்பொருளிடம் கொடுத்துவிட்டால் அதற்கு அவருக்கு நேரமும் இருக்கும். ஒருவர் பதில் எழுதிவிட்டால் அவருக்குப் போகும் தொடர் அந்த நிமிடமே நிற்க வேண்டும். யார் பெயரில் புகார் தீராமல் இருக்கிறதோ அவருக்குச் சலுகை மடல் போகவே கூடாது. இரண்டையும் விதியாகவே மென்பொருளில் எழுதி வைக்கலாம். நாங்கள் அந்த இரவுக்குப் பிறகு அப்படித்தான் செய்தோம். வாரம் ஒரு முறை அவர் படித்தவற்றை உங்களிடமும் அப்பாவிடமும் சொல்லட்டும்.

அப்பாவுக்குப் புரியவைக்க வேண்டும் என்கிறீர்கள். ஏன் மனமில்லை என்று அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் சொன்ன காரணம் ஒரு வரிகூட இல்லை. இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளை உங்களைப் பற்றி எனக்கு இப்படி எழுதினால் உங்களுக்கு வலிக்கும். இன்றைக்கே போய்க் கேளுங்கள், நடுவில் பேசாமல் கேளுங்கள்.

மென்பொருளை வாங்கி முதல் மடலைச் சோதனைக்கு உங்கள் முகவரிக்கே அனுப்பிப் பார்ப்பீர்கள் இல்லையா? அந்த மடலுக்கு ஒரு பதில் எழுதி அனுப்புங்கள். அது எந்தப் பெட்டியில் போய் விழுகிறது, எத்தனை நாளில் யார் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நான் படிப்பேன்.

அன்புடன்.