டிராஃபிக் பேக் வாங்கறதுக்கு முன்னாடி பார்க்கிங்க பாருங்க

கேள்வி: எஃப்எஸ்எக்ஸ் ஸ்டீம் எடிஷன் (கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டற சிமுலேட்டர் கேம்) வச்சிருக்கேன், லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டுக்கு தனியா காசு கொடுத்து ஒரு சீனரியும் (ஏர்போர்ட்ட நிஜம் மாதிரி காட்டற ஆட்-ஆன்) போட்டேன். லேண்ட் ஆகற ஏஐ ப்ளைட்ல (கேமே ஓட்டற மத்த விமானங்கள்ல) பாதி ரன்வேய விட்டு வெளிய வந்ததும் அப்படியே மறைஞ்சுடுது. டெர்மினல் 5ல பிரிட்டிஷ் ஏர்வேஸ விட மத்த ஏர்லைன்தான் ஜாஸ்தியா நிக்குது. பெய்ட் டிராஃபிக் பேக் வாங்கினா சரியாகுமா?

பதில்: ஆகாதுங்க, இப்போதைக்கு வாங்காதீங்க. டிராஃபிக் பேக்ல வர்றது விமானம், பெயிண்ட், டைம்டேபிள் இவ்வளவுதான், எந்த ஸ்டாண்ட்ல (விமானம் நிறுத்தற இடத்துல) எது நிக்கணும்ங்கறது ஏர்போர்ட் ஃபைல்ல இருக்கு. இறங்கின ப்ளைட்டுக்கு ஏத்த மாதிரி ஒரு இடம் காலியா இல்லன்னா சிமுலேட்டர் அத தூக்கிடும், அதான் உங்களுக்கு மறையுது. இந்த நிலைமையில பெரிய பேக் போட்டா இன்னும் நிறைய ப்ளைட் வரும், இன்னும் நிறைய மறையும்.

எனக்கும் இதேதான் நடந்துச்சு, காசு கொடுத்து வாங்கின வேற ஒரு சீனரியில. ராத்திரி உக்காந்து பாத்துட்டே இருக்கேன், ஒரு ஏ320 அழகா இறங்கி டாக்ஸிவேக்கு மூக்க திருப்புது, அடுத்த செகண்ட் ஆளக் காணோம். ஏர்போர்ட் டிசைன் எடிட்டர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம்தான், அதுல ஃபைல திறந்து பாத்தா கேட் எல்லாத்துக்கும் ரேடியஸ், அதாவது விமானம் நிக்கற வட்டத்தோட ஆரம், 14 மீட்டர்னு போட்டு வச்சிருக்காங்க. ஷார்க்லெட் (இறக்கை நுனில மேல வளைஞ்ச பாகம்) வச்ச ஏ320க்கு இறக்கை நுனிக்கு நுனி 35.8 மீட்டர், பாதி 17.9, அப்ப 18 மீட்டராவது வேணும்ல? 18னு மாத்தி கம்பைல் பண்ணேன், அதே ப்ளைட் நேரா கேட்டுக்கு வந்து நின்னுச்சு. அந்த சந்தோஷத்த சொல்லி மாளாது.

அதுக்காக எல்லா கேட்டையும் 40 மீட்டர் ஆக்கிடாதீங்க. ஏ380க்கு இறக்கை 80 மீட்டர் கிட்ட வரும், அதுக்குத்தான் 40 வேணும். எல்லாத்தையும் பெருசாக்கினா வட்டம் ஒன்னு மேல ஒன்னு ஏறும், பக்கத்து பக்கத்து விமானத்தோட இறக்கை உரசிக்கிட்டு நிக்கும், சின்ன விமானம் வந்து பெரிய ஸ்டாண்ட பிடிச்சுக்கும்.

டெர்மினல் 5 விஷயத்துக்கு பார்க்கிங் கோட் பாருங்க. கேட்ல பிஏடபிள்யூன்னு (பிரிட்டிஷ் ஏர்வேஸோட கோட்) இருக்கணும், விமானத்தோட ஏர்கிராஃப்ட் கான்ஃபிக் ஃபைல்ல ஏடிசி பார்க்கிங் கோட்ஸ்ங்கற வரியிலயும் அதே கோட் இருக்கணும், ரெண்டும் பொருந்தினாதான் முதல்ல அங்க போகும். கோட் போட்டாலும் அது ஒரு முன்னுரிமைதான், கேட்டுக்கு போட்ட பூட்டு இல்ல, இடம் நெருக்கடியானா வேற ஏர்லைனும் வந்து நிக்கும். மாத்தறதுக்கு முன்னாடி ஒரிஜினல் ஃபைல காப்பி எடுத்து வேற ஃபோல்டர்ல வைங்க, ஒரே ஏர்போர்ட்டுக்கு ரெண்டு ஃபைல் ஆக்டிவா இருந்தா அது தனி தலைவலி.

இதெல்லாம் சரி பண்ணின பிறகும் ஏர்லைன் பத்தலன்னா ஆல்ஃபா இந்தியா குரூப்போட இலவச டிராஃபிக்க போட்டு பாருங்க, டவுன்லோடுக்கு நேரம் எடுக்கும், ஆனா மாடலும் ப்ளைட் பிளானும் உண்மையிலேயே நல்ல உழைப்பு. ஒரு எச்சரிக்கை, இது நிறைய பேருக்கு தெரியாம போகுது: முந்தின பதிப்பான எஃப்எஸ்2004 காலத்து டிராஃபிக் ஃபைல் ஒன்னே ஒன்னு உள்ள கிடந்தா கூட எஃப்எஸ்எக்ஸ் தன்னோட புது ஃபார்மட் டிராஃபிக் மொத்தத்தையும் ஒதுக்கிடும், ஏர்போர்ட் வெறிச்சோடி கிடக்கும், நீங்க பேக் சரியில்லன்னு நினைச்சு இன்னொன்னு வாங்குவீங்க. பழசு இருந்தா கன்வெர்ட் பண்ணுங்க, இல்ல தூக்குங்க. டிராஃபிக் அளவு ஸ்லைடரையும் 100ல வைக்காதீங்க, எஃப்எஸ்எக்ஸ் 32 பிட், மெமரி 4 ஜிபிக்கு மேல போகாது, ஹீத்ரோ மாதிரி இடத்துல 30, 40லயே கூட்டம் நல்லா தெரியும்.

அப்பவும் காசு கொடுத்துதான் வேணும்னா ஸ்டீம்ல வாங்குங்க, 14 நாளைக்குள்ள, வாங்கின பிறகு மெயின் கேம ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஓட்டியிருந்தா ரீஃபண்ட் கேக்கலாம். அந்த ரெண்டு மணி நேரத்த பறக்கறதுல செலவு பண்ணாம ஸ்டாண்ட் பக்கத்துல நின்னு பாருங்க.

கேள்வி: எம்எஸ்எஃப்எஸ் 2020ல (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்) எஃப்எஸ்எல்டிஎல்ங்கற இலவச டிராஃபிக் ஆட்-ஆன் போட்டேன், ஒரே கேட்ல ரெண்டு விமானம் ஒன்னுக்குள்ள ஒன்னு நிக்குது. பெய்டுக்கு மாறட்டுமா?

பதில்: வேண்டாம். செட்டிங்ஸ்ல சிமுலேட்டரோட சொந்த ஏர்கிராஃப்ட் டிராஃபிக்க ஆஃப் பண்ணீங்களா? ரெண்டும் ஓடினா ரெண்டும் தனித்தனியா விமானத்த கொண்டு வந்து நிறுத்தும். ஆஃப் பண்ணிட்டு எஃப்எஸ்எல்டிஎல்லோட இன்ஜெக்டர்ல (விமானத்த கேமுக்குள்ள அனுப்பற புரோகிராம்) நிறுத்தி வைக்கிற விமானத்தோட எண்ணிக்கைய கொஞ்சம் குறைங்க.