கல்யாண கேசட்டை எங்கே வெட்டுவது?

அன்புள்ள அண்ணா,

வீட்டில் கிடந்த வி.எச்.எஸ். கேசட்டுகளைப் போன மாதம் கணினியில் ஏற்றினேன். 1993-ல் நடந்த அப்பா அம்மா கல்யாணம் மட்டும் மூன்று மணி நேரம், ஒரே எம்பி4 கோப்பு. அதைக் காட்சி காட்சியாகப் பிரிக்க எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ கருவியை வைத்துச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆயிரத்துக்கு மேல் துண்டுகள் வந்தன. தாலி கட்டும் இடம் மட்டுமே ஐம்பது துண்டு. பல துண்டுகளின் தொடக்கத்தில் முந்தைய காட்சியின் வால் வேறு ஒட்டிக்கொண்டு வருகிறது. படம் எவ்வளவு மாறினால் வெட்ட வேண்டும் என்று சொல்லும் த்ரெஷோல்டை 0.3-லிருந்து 0.5 வரை மாற்றிப் பார்த்துவிட்டேன். எந்த எண் சரி?

ர., விருதுநகர்

*

அன்புள்ள ர.,

என் அக்கா கல்யாண கேசட்டும் இதே இடத்தில்தான் நொறுங்கியது. அந்த நிமிடத்தை ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக, நகர்த்திப் பாருங்கள். கெட்டிமேளம் தொடங்குகிறது, போட்டோகிராபரின் ஃப்ளாஷ் அடிக்கிறது, ஓரிரு ஃபிரேம் முழுக்க வெள்ளை. அதற்கடுத்த ஃபிரேமில் மறுபடி அதே மணவறை, அதே மாலை. எஃப்எஃப்எம்பெக் ஒவ்வொரு ஃபிரேமையும் முந்தையதோடு ஒப்பிட்டு, எவ்வளவு மாறியிருக்கிறது என்று 0-விலிருந்து 1-க்குள் ஒரு மதிப்பெண் போடுகிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வெள்ளை வந்ததும் ஒரு வெட்டு. அது ஒரு ஃபிரேமுக்கு மேல் நீடித்தால், வெள்ளை போனதும் இன்னொரு வெட்டு.

எண்ணை ஏற்றினால் ஃப்ளாஷ் தப்பிக்காது, ஏனென்றால் மதிப்பெண்ணில் அதுதான் உச்சத்தில் இருக்கும். மங்கலான மண்டபத்துக்குள் எடுத்த உண்மையான வெட்டுகள்தான் காணாமல் போகும். அந்தக் காலத்து மிக்ஸிங் வேறு இருக்கிறது: ஒரு காட்சி மெல்லக் கரைந்து இன்னொன்றாகும், அல்லது நடுவில் இதய வடிவம் விரிந்து மணமக்கள் முகம் வரும். மாற்றம் ஒரு விநாடிக்கு மேல் பரவிக் கிடப்பதால் பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களுக்குள் வித்தியாசம் குறைவு. அதனால் அவை கணக்கில் தப்பிவிடும். ஆகவே, உங்கள் கேசட்டுக்குச் சரியான எண் என்று ஒன்று கிடையாது. அதைத் தேடுவதை விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாகக் கண்டுபிடிப்பதையும் வெட்டுவதையும் தனித்தனி வேலையாக்குங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறது, அதுதான் சிக்கல். பைசீன்டிடெக்ட் என்று பைத்தானில் எழுதிய இலவசக் கருவி ஒன்று இருக்கிறது, கமாண்ட் லைனிலேயே ஓடும். அதில் 'டிடெக்ட்-அடாப்டிவ்' முறையைப் போடுங்கள். அக்கம்பக்கத்து ஃபிரேம்களின் சராசரி மாற்றத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால், பந்தியில் கேமராவை வேகமாகத் திருப்பும்போதெல்லாம் ஏமாறாது. ஒரு காட்சியின் குறைந்தபட்ச நீளத்தை இரண்டு விநாடி என்று வையுங்கள். சொல்லாவிட்டால் அது 0.6 விநாடியை எடுத்துக்கொள்ளும், ஃப்ளாஷ் மழைக்கு அது போதாது. அப்புறம் 'லிஸ்ட்-சீன்ஸ்', 'சேவ்-இமேஜஸ்' இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். வீடியோவைத் தொடாமல் காட்சிகளின் நேரங்கள் கொண்ட ஒரு சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) பட்டியலும், காட்சிக்கு மூன்று படங்களும் வந்துவிடும்.

இனி கைவேலை. படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே பட்டியலில் வேண்டாத வரிகளை நீக்குங்கள். ஒரு வரியை எடுத்தால் அந்தத் துண்டு முந்தையதோடு சேர்ந்துவிடும். திருத்திய பட்டியலைப் புதிய பதிப்புகளில் உள்ள 'லோட்-சீன்ஸ்' வழியாகக் கொடுத்து, அதன் பிறகு 'ஸ்பிளிட்-வீடியோ' போட்டால் போதும். அக்கா கல்யாணத்துக்கு எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. அந்தச் சாயங்காலத்தை எந்த ஸ்கிரிப்டும் மிச்சப்படுத்தாது.

வால் ஒட்டுவதற்குக் காரணம் வேறு. வேகத்துக்காக நீங்கள் வீடியோவை அப்படியே நகலெடுக்கும் 'காப்பி' முறையில் வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எம்பி4-க்குள் எல்லா ஃபிரேமும் முழுப்படம் இல்லை. அங்கங்கே ஒரு கீஃபிரேம் முழுதாக இருக்கும், மற்றவை அதிலிருந்து மாறியதை மட்டும் வைத்திருக்கும். காப்பி முறையில் துண்டு ஒரு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும், எனவே பின்னால் போய் முந்தைய கீஃபிரேமைப் பிடித்துக்கொள்கிறது. வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 என்ற மென்பொருள் தன் இயல்பில் இரண்டு கீஃபிரேமுக்கு நடுவே 250 ஃபிரேம் வரை விடும். நம் ஊர் கேசட் விநாடிக்கு 25 ஃபிரேம், ஆக பத்து விநாடி வரைக்கும் வால் வரலாம். மறுபடி என்கோட் செய்து, அதாவது படங்களைப் புதிதாகச் சுருக்கி எழுதி, வெட்டினால் ஃபிரேம் சுத்தமாக நிற்கும். 'ஸ்பிளிட்-வீடியோ'வில் 'ஹை-குவாலிட்டி' தெரிவைப் போடுங்கள், இரவு முழுக்க ஓடினாலும் பரவாயில்லை. மூலக் கோப்பை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை இரண்டாம் முறை ஓட்ட முடியும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

இன்னொன்று. இதுவரை சொன்னதெல்லாம் ஷாட் பிரிக்கும் வழிதான், அதாவது ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை. நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், பந்தி என்று நீங்கள் கேட்கும் பிரிவு படத்தைவிடப் பாட்டில்தான் தெளிவாக இருக்கிறது. வீடியோக்காரர்கள் ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, அதற்கடியில் இருபது முப்பது ஷாட்களை ஒட்டியிருப்பார்கள். பாட்டு மாறும் இடைவெளியை எஃப்எஃப்எம்பெக்கின் 'சைலன்ஸ்டிடெக்ட்' பிடித்துக் கொடுக்கும். ஆனால் சத்தம் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே போனால்தான் அமைதி என்பது அதன் இயல்பு அளவு. கேசட்டின் இரைச்சல் அதற்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்கும், ஒரு இடைவெளிகூட அகப்படாது. மைனஸ் 30-க்குக் கொண்டுவாருங்கள், அமைதி குறைந்தது இரண்டு விநாடி நீடிக்க வேண்டும் என்ற அதன் இயல்பையும் அரை விநாடியாக்குங்கள். வந்த நேரங்களை ஷாட் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் பொருந்தும் இடங்கள்தான் உங்கள் காட்சிகள்.

முகூர்த்தத்தை மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள். அங்கே பெரும்பாலும் பாட்டை நிறுத்தி மேளச் சத்தத்தை அப்படியே விட்டிருப்பார்கள். நடுவில் வெட்டினால் நாதஸ்வரம் முறியும்.

வரிகளை நீக்க உட்காரும்போது அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே காட்சியாகத் தெரிந்த ஓர் இடத்தை அக்கா இரண்டாகப் பிரிக்கச் சொன்னாள். "புடவை மாத்திட்டேன் பாரு, இது சித்தி வீட்டுல" என்றாள்.