நாய்க்குட்டிக்காக எஸ்ஐபியை நிறுத்தலாமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளம் மாதம் 86,000 ரூபாய். வீட்டுக்கடன் இஎம்ஐ 29,500. பள்ளிக் கட்டணம், மளிகை, மாமியாரின் மருந்து எல்லாம் சேர்த்து 41,000. எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) 5,000. பேங்க்கில் 90,000 இருக்கிறது. ஒன்பது வயது மகள் ரொம்ப நாளாக நாய் வேண்டும் என்கிறாள். ஒரு கடையில் 45 நாள் ஷிட்சு குட்டிக்கு 28,000 சொல்கிறார்கள், கிரெடிட் கார்டில் 12 மாத 'நோ காஸ்ட்' இஎம்ஐ உண்டாம். 2,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. பகலில் மாமியார் மட்டும்தான் இருப்பார், 68 வயது, மூட்டுவலி. ஒரு வருடம் எஸ்ஐபியை நிறுத்திவிட்டுக் குட்டியை வாங்கலாமா?

பதில்: நாய் வளர்க்கலாம். ஆனால் எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம், இஎம்ஐயில் வாங்க வேண்டாம், அந்தக் குட்டியை வாங்கவே வேண்டாம்.

முதலில் குட்டி. 45 நாள் என்றால் ஆறரை வாரம்கூட ஆகவில்லை. 2017ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கும் அந்தக் கடைசி சில வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது, அதைக் கற்காமல் வரும் குட்டி உங்கள் மகளின் கையில் கற்றுக்கொள்ளும். தவிர, இந்த வயதில் முதல் தடுப்பூசியே போட்டும் போடாமலும் இருக்கும். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் வந்தால் நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், குட்டியின் விலையையே மருத்துவச் செலவு தாண்டிவிடும், அதற்கப்புறமும் பிழைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. இரண்டாவது வாரத்தில் குட்டி போய்விட்டாலும் மீதித் தவணைகளை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும். 'நோ காஸ்ட்' என்பதும் முழுக்கச் சரியில்லை. பிராசஸிங் கட்டணம் இருக்கும், கடை தள்ளுபடியாகக் கழித்துத் தந்தாலும் பேங்க் போடும் வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துக் கேட்கும் வாய்ப்பும் போய்விடும். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள், 2,000 ரூபாய் போய்விடுமே என்று மீதி 26,000ஐயும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது கணக்கு. விலையைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், மாதச் செலவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஐந்தாறு கிலோ எடையுள்ள ஷிட்சுவுக்கு இன்றைய சென்னை விலையில் நான் போடும் தோராயம் இது: சாப்பாடு 1,500, உண்ணி மருந்தும் பூச்சி மருந்தும் 500, முடிவெட்டிக் குளிப்பாட்டும் குரூமிங் 1,000, டாக்டரும் வருடாந்தரத் தடுப்பூசியும் மாதக் கணக்கில் 600, ஷாம்பூ, பெல்ட், பொம்மை வகையில் 400. அப்புறம் எல்லோரும் மறந்துபோகும் செலவு ஒன்று, நீங்கள் ஊருக்குப் போகும்போது நாயை விட்டுவிட்டுப் போகும் போர்டிங். வருடத்தில் 12 நாள், நாளுக்கு 800 என்றால் மாதத்துக்கு 800. எல்லாம் சேர்ந்து 4,800. வருடத்துக்கு 57,600. சின்ன நாய்கள் சாதாரணமாக 12 முதல் 15 வருடம் இருக்கும். 14 வருடம், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் மொத்தம் சுமார் 12 லட்சம். இதற்கு முன்னால் 28,000 எல்லாம் ஒன்றுமே இல்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எந்த நாய் என்பதை வாங்கும் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதற்காகத்தான். ஷிட்சுவின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும், தினமும் சீவ வேண்டும், சீவாமல் நாலு நாள் விட்டால் காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் சடை பிடித்து தோல் புண்ணாகும், மாதம் ஒருமுறை வெட்டியாக வேண்டும். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய முடியுள்ள நாய் என்றால் அந்த 1,000 மிச்சம், 14 வருடத்தில் இன்றைய விலையிலேயே 1,68,000 ரூபாய்.

பக் வாங்கலாமா என்று அடுத்து யாராவது ஆசை காட்டுவார்கள், 2003ல் ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்ததிலிருந்து அந்த முகத்துக்கு நம் ஊரில் தனி மவுசு. பக், ஷிட்சு இரண்டும் சப்பை மூக்கு நாய்கள். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, மூக்கே குறுகிப் போனால் சென்னை மே மாதத்தில் அது திணறும், பகல் முழுக்க ஏசி போட வேண்டி வரும். இரண்டு மாத ஈபி கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். டாஷுண்ட் வேண்டாம், நீளமான முதுகு, முதுகெலும்புத் தட்டு விலகும் தொந்தரவு அந்த இனத்தில் அதிகம், அதை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு மாடிப் படி ஏறி இறங்குவது சரிப்படாது.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் விற்கும் இந்தியன் ஸ்பிட்ஸ், அல்லது குட்டை முடியுள்ள சின்னக் கலப்பின நாய். ஸ்பிட்ஸ் நம் வெயிலைத் தாங்கும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வீட்டிலேயே சீவினால் போதும். குரைக்கும், அது உண்மை, அதைப் பழக்கத்தில்தான் சரிசெய்ய வேண்டும். இன்னும் நல்லது, ஒன்றிரண்டு வயதான நாயைத் தத்தெடுப்பது. வாங்கி இரண்டு வருடம் கொஞ்சிவிட்டு, வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போன சின்ன நாய்கள் காப்பகங்களுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. வேளச்சேரியில் இருக்கும் புளூ கிராஸ் காப்பகம் உங்களுக்குப் பக்கம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வளர்ந்த நாயின் குணம் கண்ணுக்குத் தெரியும்: குழந்தையைப் பார்த்தால் ஒதுங்குகிறதா, காலடியில் சுற்றுகிறதா, தனியாக விட்டால் கத்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். குட்டிதான் வேண்டும் என்றால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாத இடத்தில் வாங்காதீர்கள். கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம், அது வம்சாவளியைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது.

பணத்தை எங்கிருந்து எடுப்பது? உங்கள் கணக்கில் மாதம் 10,500 மிஞ்சுகிறது. ஆனால் பேங்க்கில் உள்ள 90,000, இஎம்ஐயும் சேர்த்தால், ஒன்றேகால் மாதச் செலவுக்குத்தான் வரும். அதில் கை வைக்காதீர்கள். அடுத்த 5ஆம் தேதியே 5,000 ரூபாய்க்கு ஆறு மாத ஆர்டி (மாதாமாதம் பணம் கட்டும் தொடர் வைப்பு) ஒன்று போடுங்கள், மீதி 5,500 அவசர நிதிக்குப் போகட்டும். அந்த 5,000தான் நாயின் மாதச் செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கடன் வாங்காமல், பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்திலும் உடைக்காமல் போட முடிந்தால் நாய் உங்களுக்குக் கட்டுப்படியாகும். கையில் 30,000மும் சேர்ந்திருக்கும். தத்தெடுத்தால் தடுப்பூசி, கருத்தடை அறுவை, படுக்கை, கூண்டு என்று முதல் வருடக் கூடுதல் செலவுக்கு அது தாராளம். நடுவிலேயே உடைக்க வேண்டி வந்தால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். கருத்தடை போன்ற அறுவைக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், வரிசையில் நிற்க வேண்டும், தூரமும் அதிகம், ஆனால் தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு.

நாய்க்கு இன்ஷூரன்ஸ் உண்டு. நோய், அறுவை, நாய் யாரையாவது கடித்தால் வரும் இழப்பீடு வரை தருகிற பாலிசிகள் இருக்கின்றன. தடுப்பூசி, குரூமிங், ஏற்கெனவே இருந்த நோய் எதற்கும் வராது, காத்திருப்புக் காலமும் உண்டு. 25,000 தனியாக ஒதுக்கி வைத்த பிறகு பிரீமியத்தைப் பற்றி யோசியுங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கான வருமான வரிச்சலுகையில் நாயின் செலவைக் காட்ட முடியாது, ஒருவேளை யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒரு செலவு நேரம். நாயை வீட்டுக்குப் பழக்குவதில் சோம்பல்பட்டால் அது கடைசியில் பணமாகத்தான் போகும். கிழிந்த சோபா, அசோசியேஷன் சண்டை, டாக்டர் தொட விடாததால் மயக்க மருந்து கொடுத்து நகம் வெட்டும் நிலைமை எல்லாம் அப்படி வருபவைதான். குட்டி என்றால் முதல் இரண்டு வாரம் உங்களில் ஒருவர் லீவு போட வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் பால்கனியில் பழைய பேப்பர் விரித்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், சரியாகப் போனால் அந்த நொடியே பாராட்டி ஒரு துண்டு கோழி கொடுங்கள். ஹாலில் போய்விட்டால் அடிக்காதீர்கள், மூக்கை அதில் தேய்க்காதீர்கள், அப்படிச் செய்தால் குட்டி உங்கள் கண்ணில் படாமல் கட்டிலடியில் போகப் பழகும். கிட்டத்தட்ட 14 வாரம் வரை பார்ப்பதும் கேட்பதும்தான் பிற்பாடு அதற்குச் சாதாரணமாகத் தெரியும். குக்கர் விசில், மிக்சி, காலிங் பெல், சிலிண்டர் போடுகிறவர், மழைக்கோட்டு போட்டவர் எல்லாமே பிஸ்கட்டோடு சேர்ந்து பழக்கமாகட்டும். தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்காமல் கையில் வைத்துக்கொண்டே வேடிக்கை காட்டுங்கள். தினமும் பாதத்தையும் காதையும் வாயையும் தொட்டுப் பாருங்கள். சின்ன நாய்களுக்குப் பல் சீக்கிரம் கெடும், நாய்க்கான பேஸ்ட்டில் வீட்டிலேயே தேய்த்துவிட்டால் மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம் செய்யும் சில ஆயிரங்களைத் தள்ளிப் போடலாம்.

நாம் சாப்பிடுவதையே போட்டால் மிச்சம்தானே என்று வீட்டில் பேச்சு வரும். சாம்பார் சாதத்தில் வெங்காயம், ரசத்தில் பூண்டு, இரண்டும் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். பாயசத்துத் திராட்சையும் சாக்லேட்டும் அதைவிட மோசம். வெறும் தயிர்சாதம் வயிற்றை நிரப்பும், சத்துப் போதாது. தனியாக வேகவைத்த கோழி, சோறு, முட்டை என்று கொடுக்கலாம், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் எடுத்துவிடுங்கள், அதற்கு வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்று வேண்டும். அசோசியேஷன் நாயே கூடாது என்று தடை போட முடியாது, விலங்கு நல வாரியம் 2015லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் படிக்கட்டில் அசிங்கம் செய்தால் அள்ள வேண்டியது நீங்கள்தான்.

மகளிடம் சொல்வதற்கு முன் மாமியாரிடம் பேசுங்கள். பகல் முழுக்க அந்த நாயோடு இருக்கப் போவது அவர். சின்ன நாய் காலடியில் சுற்றித் தடுக்கிவிட்டால் மூட்டுவலிக்காரருக்கு அது பெரிய விஷயம் (கழுத்தில் சின்ன மணி கட்டுவது உதவும்), குனிந்து பேப்பர் மாற்றுவதும் அவரால் முடியாது. மதியம் ஒருமுறை வந்து பார்க்க ஆள் வைத்தால் மாதம் இன்னும் 2,000 ஆகலாம், அப்போது ஆர்டியை 7,000 என்று போடுங்கள். குட்டி வேண்டாம், வளர்ந்த நாய் பரவாயில்லை என்று அவர் சொன்னால் அப்படியே செய்யுங்கள். எதுவுமே வேண்டாம் என்றால் இப்போதைக்கு வேண்டாம், ஆர்டி முதிர்ந்ததும் அவசர நிதியில் சேர்த்துவிடுங்கள்.