மழைக்குப் பிறகு பழைய புல்லட் கிளம்பவில்லை: எங்கே பார்ப்பது?

திருமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவின் பழைய பாயின்ட் (பிளக்கில் பொறி வர, கரண்டை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) வைத்த புல்லட் 350, ஐப்பசி மழையில் நனைந்ததிலிருந்து எத்தனை உதை உதைத்தாலும் கிளம்பவில்லை, பேட்டரி புதிது, பெட்ரோலும் இருக்கிறது.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் கரண்டில்தான். துடைத்து, பிளக் ஒயரின் கேப்பில் மாட்டி, பிளக் துளையிலிருந்து விலக்கி என்ஜின் இரும்பில் படும்படி வைத்து உதையுங்கள். நீலப் பொறி தெறிக்க வேண்டும்.

வரவில்லையா? சாவியைப் போட்டு, ஹெட்லைட் மேலுள்ள அம்மீட்டரை (கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் மீட்டர்) பார்த்தபடியே கிக்கரை மெல்ல இறக்குங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. பாயின்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும்; திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். முள் அசையவே இல்லை என்றால் பாயின்ட்டில் ஈரமோ கரியோ இருக்கும், இல்லை ஒயர் விட்டிருக்கும். பாயின்ட் மூடியைக் கழற்றி, நைஸ் எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, உலர்ந்த அட்டையை இடையில் விட்டு இழுங்கள். முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.

முள் ஒழுங்காக ஆடியும் பிளக்கில் பொறி மஞ்சளாக இருந்து, பாயின்ட்டில் பளிச்சென்று தீ பறந்தால், அப்படிப் பறக்காமல் தடுக்கும் கண்டென்சரை மாற்றுங்கள். பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலை எடுத்தவுடன் மாற்றாதீர்கள், வீண் செலவு.

அப்புறம், பிளக் கேப்பின் உள்ளே பாருங்கள். கருப்பாயூரணி பக்கம் ஒரு மழையில் என் வண்டியை நிறுத்தியது அதற்குள் இருந்த ஒரு சொட்டுத் தண்ணீர்தான்.